கறுப்பு உடல், மஞ்சள் ஓரம்: ஏற்காட்டில் கண்ட மரவட்டை எது?

கேள்வி இதுதான். அக்டோபர் கடைசியில் மழை விட்ட ஒரு காலையில், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிய மண்பாதையில் எடுத்த மூன்று படங்கள். கன்னங்கரிய, பளபளக்கும் உடல். இரு பக்க ஓரத்திலும் வரிசையாக மஞ்சள் திட்டுகள். நீளம் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். கைபேசிச் செயலி ஓர் அமெரிக்கப் பெயரைச் சொல்கிறது. இது என்ன, விஷமா, தொடலாமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இது மரவட்டை, நம் ஊரில் ரயில் பூச்சி என்பார்களே, அதில் தட்டைமுதுகு வகை. உயிரின வகைப்பாட்டுப் படிகளில், வரிசை பாலிடெஸ்மிடா, இதில் சந்தேகமே இல்லை. குடும்பம் பாரடாக்ஸோசோமாடிடே, இதுவும் ஏறக்குறைய உறுதி. பேரினம் பெரும்பாலும் அனோப்ளோடெஸ்மஸ். அதற்குக் கீழே, சிற்றினப் பெயரை இந்த மூன்று படங்களை வைத்துச் சொல்ல வழியில்லை. யாராவது படத்தைப் பார்த்த மாத்திரத்தில் பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இரட்டைப் பெயரை முழுதாகச் சொன்னால், எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். "நிறத்தை வைத்து" என்று பதில் வந்தால் அதை ஒதுக்கிவிடலாம். கடிக்குமா என்றால் கடிக்காது, கொட்டவும் கொட்டாது. ஆனால் சீண்டினால் சயனைடு வாயுவை விடும். அதைப் பிறகு பார்ப்போம்.

இனி, இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பது.

முதலில் இது மரவட்டைதானா என்று பார்க்க வேண்டும். கறுப்பில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் திட்டு உள்ள மின்மினிப் புழுக்களும் இதே ஈரத் தரையில் திரியும். தட்டுத் தட்டான முதுகோடு தூரத்திலிருந்து அசப்பில் இதே மாதிரி இருக்கும். அவற்றுக்கு மார்புப் பகுதியில் ஆறே கால்கள். பின்னுடல் வெறுமையாக இருக்கும். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், அதுவும் பக்கவாட்டில் விரிந்து கிடக்கும். மரவட்டைக்கு நடு உடலில் வளையத்துக்கு இரண்டு ஜோடி. அவை உடலுக்கு அடியிலிருந்து கிளம்பும். உங்கள் இரண்டாவது படத்தில், வலப்பக்கம் வெளிச்சம் பட்ட நான்கு வளையங்களிலும் ஒரு வளையத்துக்கு இரண்டு கால் நுனிகள் தெரிகின்றன. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

அடுத்து வரிசை. உலகில் பெயரிடப்பட்ட மரவட்டைகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல்; உயிரோடிருக்கும் வரிசைகள் 16. ஆனால் தமிழ்நாட்டில் கண்ணில் படுகிற பெரிய, வண்ணமான மரவட்டை என்றால் நடைமுறையில் மூன்று உருவங்களுக்குள் அடங்கிவிடும்: குழாய்போல் உருண்டவை, பந்தாகச் சுருள்பவை, தட்டைமுதுகுக்காரர்கள். உங்களுடையதில் ஒவ்வொரு வளையத்தின் பக்கத்திலும் கூரை ஓடு நீட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு மடல் இருக்கிறது. மஞ்சள் திட்டு உட்கார்ந்திருப்பது அந்தப் பக்க மடலின் மேல்தான். தலையில் கண் இல்லை; பாலிடெஸ்மிடா வரிசை முழுவதுக்குமே கண் கிடையாது. உணர்கொம்பால் தட்டித் தட்டித்தான் வழி தேடும். முதல் படத்தில் அது உணர்கொம்பைத் தரையில் ஊன்றியிருப்பது அதனால்தான்.

உறுதிப்படுத்த வளையங்களை எண்ணுங்கள். தலைக்குப் பின்னால் கழுத்துப்பட்டைபோல் இருப்பதுதான் முதல் வளையம்; கடைசி வால்முனையையும் சேர்த்தே எண்ண வேண்டும். இந்த வரிசையில் வளர்ந்த பிராணிக்குப் பெரும்பாலும் 20 வளையம், சில சிற்றினங்களில் 19. உங்கள் படத்தில் 20 வருகிறது. ஆகவே இது குஞ்சு அல்ல, முழு வளர்ச்சி அடைந்தது. இது முக்கியம். ஏனென்றால் மரவட்டை முட்டையிலிருந்து வெளிவரும்போது மூன்று ஜோடிக் கால்களோடுதான் வரும். பாலிடெஸ்மிடாவில் அப்போது 7 வளையம். தோல் உரிக்க உரிக்க 9, 12, 15, 17, 18, 19 என்று ஏறி 20இல் நின்றுவிடும். 18 வளையம் உள்ள வெளிறிய ஒன்றைப் படமெடுத்து "புது வகை" என்று கொண்டாடுவதில் பயனில்லை. அது வளரும் பிள்ளை.

கால் கணக்கும் இதோடு ஒத்துப்போகும். முதல் வளையத்துக்குக் கால் இல்லை. இரண்டு, மூன்று, நான்காம் வளையங்களுக்கு ஒவ்வொரு ஜோடி, ஆக மூன்று. ஐந்து முதல் பதினெட்டு வரை பதினான்கு வளையங்களுக்கு இரண்டிரண்டு, ஆக 28. பத்தொன்பதும் இருபதும் கால் இல்லாதவை. பெண்ணுக்கு மொத்தம் 31 ஜோடி, 62 கால். ஆணுக்கு ஒரு ஜோடி குறைவு. காரணம் பின்னால் வருகிறது. ஆயிரங்கால் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. ஆயிரத்தைத் தாண்டிய மரவட்டை என்று அறிவியல் கண்டது ஒன்றே ஒன்றுதான்: 2021இல் பெயரிடப்பட்ட, ஆஸ்திரேலியாவில் தரைக்கடியில் ஆழத்தில் கிடைத்த யூமில்லிப்பிஸ் பெர்செஃபோனி. அதற்கு 1,306 கால்கள்.

இப்போது குடும்பம். பாரடாக்ஸோசோமாடிடேவில் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பகலில் வெளிப்படையாக நடமாடும் தட்டைமுதுகு மரவட்டைகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பம்தான். அடையாளம்: வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவே மணிமாலைபோல் ஓர் இடுக்கம், நடு வளையங்களின் முதுகில் குறுக்கே ஓடும் மெல்லிய பள்ளக்கோடு. உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோடு ஒளிக்கீற்றாகத் தெரிகிறது.

இதற்குள் கறுப்பில் மஞ்சள் ஓரம் என்ற ஒரே உடையைப் போட்டுக்கொண்டு மூன்று பேர் நிற்கிறார்கள். பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான்.

ஒன்று, அனோப்ளோடெஸ்மஸ். இதில் அதிகம் அறியப்பட்டது அனோப்ளோடெஸ்மஸ் சாசுரை. 1865இல் ஹம்பர்ட் என்ற ஆய்வாளர் இலங்கை மரவட்டைகளை விவரித்தபோது பெயரிட்டது. தென்னிந்தியாவிலும் பரவலாக இருக்கிறது. முதுகு வழவழப்பாக, மயிர் இல்லாமல், சற்றே குவிந்திருக்கும். மடல் தடித்து, விளிம்பு மழுங்கலாக இருக்கும்.

இரண்டு, ஆசியோமார்ஃபா கோஆர்க்டேட்டா. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது. தொட்டிச் செடிகளோடும் மண்ணோடும் வெப்பமண்டல நாடுகள் எல்லாவற்றுக்கும் பயணம் போய்விட்டது. பூங்கா, நாற்றங்கால், வீட்டுத் தோட்டம் இவற்றில்தான் அதிகம் பார்க்கலாம். கொஞ்சம் சிறியது, ஒல்லியானது. மடல் மெல்லிய தகடாக வெளியே நீண்டு, பின்மூலை முள்ளாகப் பின்னோக்கிக் கூர்ந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ரம்பப் பல்போலத் தோன்றும்.

மூன்று, காண்ட்ரோமார்ஃபா. இதன் முதுகில் ஒவ்வொரு வளையத்திலும் குறுக்கு வரிசைகளாகச் சிறு பருக்கள். பருவுக்கு ஒரு மயிர். தூரத்தில் மங்கலாக, தூசு படிந்ததுபோல் இருக்கும், பளபளப்பு வராது. சாய்ந்த காலை வெயிலில் பக்கத்திலிருந்து எடுத்தால் மயிர்கள் பளிச்சென்று தெரியும்.

உங்கள் படத்தில் முதுகு கண்ணாடிபோல் வானத்தைப் பிரதிபலிக்கிறது. ஆகவே காண்ட்ரோமார்ஃபா இல்லை. மடலின் பின்மூலை முள்ளாக நீளவில்லை. ஆகவே ஆசியோமார்ஃபா இல்லை. மிஞ்சுவது அனோப்ளோடெஸ்மஸ். "பெரும்பாலும்" என்று நான் போடுவது தயக்கத்தால் அல்ல. இந்தக் குடும்பத்தில் பேரினத்தின் எல்லையையே ஆணின் ஓர் உறுப்பை வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள், அது உங்கள் படத்தில் இல்லை.

அந்த உறுப்புதான் எல்லாவற்றுக்கும் சாவி. வளர்ந்த ஆண் தட்டைமுதுகு மரவட்டையில், ஏழாம் வளையத்தின் முன்ஜோடிக் கால்கள் நடக்கும் கால்களாக இல்லாமல் கலவிக்கான கொக்கிகளாக உருமாறியிருக்கும். மேலே சொன்ன "ஒரு ஜோடி குறைவு" இதுதான். ஒவ்வொரு சிற்றினத்துக்கும் இந்தக் கொக்கியின் வளைவு, கிளை, நுனி எல்லாம் வேறு. நிறம், அளவு, மடல் எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு மரவட்டைகளை இது ஒன்றே பிரிக்கும். பெண் மட்டும் கிடைத்தால் நிபுணர்களும் பல நேரங்களில் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். குஞ்சு என்றால் குடும்பத்தோடு சரி.

நிறத்தை ஏன் இவ்வளவு மட்டம் தட்டுகிறேன் என்று தோன்றலாம். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் பால் மாரெக், ஜேசன் பாண்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சயனைடு சுரக்கும் வெவ்வேறு மரவட்டைகள் ஒரே இடத்தில் வாழும்போது ஒரே நிறக்கோலத்தை அணிகின்றன. அதே சிற்றினம் வேறிடத்தில் வேறு உடை. ஒரு பறவை ஒருமுறை வாய் கசந்து பாடம் கற்றால், அந்த உடை போட்ட அத்தனை பேருக்கும் லாபம். ஆக, நிறம் பறவைக்குச் சொல்லும் எச்சரிக்கையே தவிர நமக்குச் சொல்லும் பெயர் அல்ல. இன்னொரு சங்கடமும் உண்டு. அருங்காட்சியகத்தில் சாராயத்தில் போட்ட மரவட்டையின் மஞ்சளும் சிவப்பும் நாளடைவில் வெளுத்துப்போகும். பழைய விவரிப்புகள் பல அப்படி வெளுத்த உடல்களைப் பார்த்து எழுதியவை. புத்தகத்தில் "பழுப்பு" என்றிருப்பது காட்டில் கருஞ்சிவப்பாக நடந்துபோகலாம்.

செயலி அமெரிக்கப் பெயரைச் சொன்னதற்கும் விளக்கம் இருக்கிறது. பசிபிக் கரையோரம், கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரை வாழும் ஹார்பாஃபே ஹேடெனியானா என்ற மரவட்டை கறுப்பு உடல், மஞ்சள் ஓரம், நான்கைந்து சென்டிமீட்டர் நீளம் கொண்டது. அதற்கு ஆயிரக்கணக்கில் நல்ல படங்கள் உண்டு. நம் ஊர் மரவட்டைகளுக்குச் சொற்பம். செயலி தனக்கு அதிகம் பழகிய முகத்தைச் சொல்கிறது. எனவே செயலி எந்தப் பெயரைச் சொன்னாலும், முதலில் அந்தப் பெயருள்ளது எந்த நாட்டில் வாழ்கிறது என்று பாருங்கள். கடல் தாண்டியது என்றால், தொட்டிச் செடியோடு ஊர் ஊராகப் பரவும் ஆசியோமார்ஃபா மாதிரி வகையாக இருந்தாலொழிய, அந்தப் பெயரை விட்டுவிடலாம். "முள் முள்ளாக இளஞ்சிவப்பில் ஒன்று பார்த்தேன், தாய்லாந்து டிராகன் மரவட்டையா?" என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். 2007இல் பெயரிட்ட டெஸ்மாக்ஸிட்டிஸ் பர்பூரோசியா தாய்லாந்தின் உதய் தானி மாகாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் காட்டுக்காரர். சேர்வராயன் மலைக்கு அவர் வரவில்லை.

நிறத்தை வைத்துக் குழம்பக்கூடிய மற்ற உள்ளூர்க்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். குழாய் உடல், கறுப்பு, முதுகின் நடுவே தலையிலிருந்து வால் வரை ஒரு சிவப்புக் கோடு, சிவந்த கால்கள் என்றால் அது ஜீனோபோலஸ் கார்னிஃபெக்ஸ். தென்னிந்தியா, இலங்கைக்காரர், கூரை வீட்டில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும், மழைக்காலத்தில் கீற்றுக்குள் கூட்டமாகக் குடியேறி, இரவில் பாயில் விழும். உடல் முழுவதும் துருச்சிவப்பாக இருந்தால் டிரிகோனியூலஸ் கொரலினஸ். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து உலகம் சுற்றிய இன்னொரு பயணி. இரண்டின் முகத்திலும் நெற்றியிலிருந்து மேலுதடு வரை நேர்க்கோடாக ஒரு தையல் தெரியும். ஸ்பைரோபோலிடா வரிசைக்கு அதுவே அடையாளம். தொட்டதும் கோலிக்குண்டாகச் சுருண்டால் ஆர்த்ரோஸ்ஃபெரா. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ளது. அதற்கு நாற்றச் சுரப்பியே கிடையாது, சுருள்வது ஒன்றுதான் அதன் பாதுகாப்பு.

சிற்றினம் வரை போக வேண்டும் என்றால் அடுத்தமுறை எப்படிப் படமெடுப்பது என்று சொல்கிறேன். மேலிருந்து ஒன்று, உடல் நேராக இருக்கும்போது, எல்லா வளையமும் எண்ணும்படி. பக்கவாட்டில் ஒன்று, கைபேசியைத் தரையோடு தரையாக வைத்து. தலையும் முதல் ஐந்து வளையமும் நெருக்கத்தில் ஒன்று. வால்முனை ஒன்று. எல்லாவற்றையும்விட அவசியமானது வயிற்றுப்பக்கம். பிராணியைப் புரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. கீறல் இல்லாத, ஒளி ஊடுருவும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் காய்ந்த சருகால் ஏற்றிவிட்டு, டப்பாவைத் தலைக்கு மேலே வானத்துக்கு எதிராகத் தூக்கி, கீழிருந்து எடுங்கள். தானாகவே நடக்கும், ஏழாம் வளையம் தெளியும்வரை பத்துப் பதினைந்து படம் தட்டினால் ஒன்று தேறும். இப்படி எடுத்த படத்தில் உடல் கருநிழலாக விழும். கைபேசித் திரையில் வயிற்றின் மேல் விரலால் தொட்டு வெளிச்ச அளவை ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஏழாம் வளையத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. பாலிடெஸ்மிடாவில் நாற்றச் சுரப்பியின் துளைகள் எல்லா வளையத்திலும் இருக்காது. வழக்கமான ஒழுங்கு: 5, 7, 9, 10, 12, 13, பிறகு 15 முதல் 19 வரை. பக்கவாட்டுப் படத்தில் மடல் விளிம்பில் ஊசிமுனை அளவு குழி தெரியும். துளையுள்ள மடல் சற்றுத் தடித்தும் இருக்கும். முன்னாலிருந்து வந்தால், துளை, வெற்று, துளை, வெற்று, பிறகு இரண்டு துளைகள் அடுத்தடுத்து. அந்த இரட்டைத் துளைக்கு முன்னால் தனியாக நிற்கும் துளையுள்ள வளையமே ஏழாவது. அங்கே கீழே கால் வரிசையில் ஓர் இடைவெளி இருந்து, நடுவில் பழுப்பு நிறத்தில் சுருண்ட கொக்கி தெரிந்தால் வளர்ந்த ஆண். இடைவெளியே இல்லையென்றால் பெண். இடைவெளி இருந்து வெறும் மொட்டுபோல் இருந்தால் பிஞ்சு ஆண். ஜோடியாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்போகும்போது எடுத்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் பாதி மிச்சம். மேலே ஏறியிருப்பவர் ஆண், பெரும்பாலும் ஒல்லியாக, காலும் நீளமாக இருப்பார்.

அளவுக்கு மில்லிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். நாணயம் வைப்பது நம்மவர் வழக்கம். ஆனால் ஒரு ரூபாய் நாணயமே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அளவில் அச்சாகியிருக்கிறது, ஆண்டு தெரியாமல் அதை வைத்து அளக்க முடியாது. மஞ்சள் தெருவிளக்கில் எடுத்த படத்தில் வெள்ளைத் திட்டும் மஞ்சளாகும். ஃபிளாஷ் போட்டால் முதுகுப் பளபளப்பு வெள்ளைக் கோடாக மாறி, ஏதோ வரி உள்ளதுபோல் ஏமாற்றும். ஒரு மெல்லிய வெள்ளைத் தாளை ஃபிளாஷுக்கு முன்னால் பிடித்தால் அது தணியும். படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாதீர்கள். சுருக்கி அனுப்பும்போது மயிரும் துளையும் முதலில் காணாமல் போகும், இடத் தகவலும் உதிரும். மூலக் கோப்பாக அனுப்பி, நாள், ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், சருகா தோட்டமா பாறையா என்பதைக் கூடவே எழுதுங்கள். சோலைக்காட்டின் உள்ளே கிடைத்தது என்றால் மலைக்கே உரிய உள்ளூர் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். விடுதித் தோட்டத்துப் பூந்தொட்டி என்றால் ஊர்சுற்றி வகையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

விஷம் பற்றி. தட்டைமுதுகு மரவட்டையின் சுரப்பி இரண்டு அறை கொண்டது. ஓர் அறையில் மாண்டெலோநைட்ரைல் என்ற பொருள் தேங்கியிருக்கும். சீண்டும்போது அது நொதி உள்ள அடுத்த அறைக்குப் போய், பென்சால்டிஹைடாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரியும். கசப்பு வாதுமை வாசம் வருவது பென்சால்டிஹைடால். ஒரு மரவட்டை விடும் அளவு திறந்தவெளியில் நின்று பார்க்கும் மனிதரை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த வாசத்தைச் சோதிக்க மூக்கருகில் கொண்டுபோவது, மூடிய டப்பாவில் பத்துப் பதினைந்தைப் போட்டுத் திறந்து முகர்வது, குழந்தை கையில் கொடுப்பது இவை வேண்டாம். வேறு பூச்சியை அதே டப்பாவில் போட்டால் அது செத்துவிடும். உருண்ட உடல் வகைகளின் கதை வேறு: அவை விடுவது பென்சோகுவினோன்கள். தோலில் பட்டால் மஞ்சள்பழுப்புக் கறை விழும், எரியும். சோப்பு போட்டுக் கழுவினாலும் கறை சில நாள் இருக்கும்.

உண்மையான ஆபத்து கண்ணுக்குத்தான். மரவட்டையைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினாலும், நெருங்கிப் படமெடுக்கும்போது சுரப்பு தெறித்தாலும் உடனே ஓடும் சுத்தத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். எரிச்சலோ சிவப்போ நீடித்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எதுவும் கூடாது. நாய் வாயில் கவ்வி நுரை தள்ளினால் வாயைத் தண்ணீரால் அலசிவிடுங்கள்.

படம் எடுத்து முடிந்ததும் டப்பாவிலிருந்து எடுத்த இடத்திலேயே, வெயில் படாத சருகின் மேல் விடுங்கள். காய்ந்த தரையில் விட்டால் ஈரம் இழந்து சீக்கிரம் மடிந்துவிடும். ஒதுக்குக்காடு, சரணாலயம் என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் எடுத்துவரக் கூடாது, படம் போதும். இப்போதைக்கு உங்கள் மூன்று படங்களின் கீழும் "அனோப்ளோடெஸ்மஸ், சிற்றினம் தெரியவில்லை, வளர்ந்தது, பால் தெரியவில்லை" என்று எழுதி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அதே பாதையில் இவை நடமாடும். ஏழாம் வளையத்தின் வயிற்றுப் படம் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.